ஓட்டிப் பார்க்காமல் மவுண்டன் பைக் ஃப்ரேம் அளவு எடுப்பது: தொல்லையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஆன்லைனில் வாங்கப் போகிறீர்கள், அல்லது கடையில் உங்கள் அளவு இல்லை, வரவழைத்துத் தருகிறோம் என்கிறார்கள். எப்படியும் ஏறி ஓட்டிப் பார்க்க வழியில்லை. கையில் இருப்பது ஒரு உயர அட்டவணையும், ஃப்ரேமின் நீளங்களையும் கோணங்களையும் எண்களாகத் தரும் ஜியோமெட்ரி அட்டவணையும்தான். உயர அட்டவணை பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். மீதிப் பாதியைச் சொல்லக்கூடியது இப்போது உங்களிடம் இருக்கும் சைக்கிள், அல்லது நண்பரிடம் வாங்கி ஓட்டிய சைக்கிள். அது எங்கே வலித்தது, எங்கே பயமுறுத்தியது என்பதுதான் அடுத்த ஃப்ரேமுக்கான குறிப்பு.

அந்தத் தொல்லைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது வருவது ஒன்று, எழுந்து பெடல்மேல் நின்றபடி இறக்கத்திலும் வளைவிலும் போகும்போது வருவது இன்னொன்று. உட்கார்ந்த தொல்லை பெரும்பாலும் சீட்டை ஏற்றி இறக்கி, முன்பின் தள்ளி, ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்யக்கூடியது. நிற்கும்போது சீட்டுக்கு வேலையே இல்லை, உங்கள் பாதமும் கையும்தான் வண்டியைத் தொடுகின்றன, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது ஃப்ரேம். அதை ஓரளவுக்குமேல் மாற்ற முடியாது. எனவே ஃப்ரேம் அளவு என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது நிற்கும் தொல்லையைத்தான். முழங்கால் வலிக்கிறது என்பதற்காகப் பெரிய ஃப்ரேம் வாங்கியவர்கள் நிறைய. சீட்டை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தால் முடிந்திருக்கும்.

அதற்கு முன் டேப்பை எடுங்கள்

உடலில் மூன்று அளவு வேண்டும். உயரம், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை, அப்புறம் உள்கால் நீளம். உள்கால் என்றால் பேண்ட் வாங்கும்போது சொல்லும் எண் இல்லை. வெறுங்காலில் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, பாதங்களை ஒரு சாண் அகலம் விரித்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, அதன் தைத்த முதுகு மேலே வரும்படி கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழுத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். பேண்ட் அளவை விட இது சில சென்டிமீட்டர் கூடவே வரும். இரண்டு மூன்று முறை அளந்து, ஒரே எண் வருகிறதா பாருங்கள்.

அடுத்து, இப்போதைய சைக்கிளை அளப்பது. இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மொத்த வேலையிலும் பயனுள்ளது இதுதான். சமதளத் தரையில், பின் டயர் சுவரைத் தொடும்படி வண்டியை நேராக நிறுத்துங்கள். முன் சக்கரம் நேராகப் பார்க்கட்டும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை யாரும் அழுத்த வேண்டாம், இரண்டு டயரிலும் எப்போதும் வைக்கும் காற்று இருக்கட்டும். சுவரிலிருந்து கிராங்க் சுழலும் அச்சின் நடு, அதாவது பாட்டம் பிராக்கெட்டின் மையம் வரை கிடைமட்டமாக அளந்து எழுதுங்கள். பிறகு சுவரிலிருந்து ஹெட் டியூபின், அதாவது ஃபோர்க் நுழையும் முன்பக்கக் குழாயின், மேல் விளிம்பின் நடு வரை. ஹெட்செட் மூடியையும் வாஷரையும் சேர்க்காதீர்கள், ஃப்ரேம் குழாய் முடியும் இடம்தான் கணக்கு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவது ரீச். அதே இரு புள்ளிகளின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து கழித்தால் வருவது ஸ்டாக். ஹெட் டியூபின் மேலிருந்து டேப்பை நேராகப் பிடிக்கச் சிரமமாக இருந்தால், ஒரு நூலில் போல்ட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நூல் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்து, தரையிலேயே அளந்துகொள்ளலாம். ஐந்து மி.மீ. பிழை வரத்தான் செய்யும், பரவாயில்லை.

இத்துடன் ஸ்டெம் நீளம், ஹேண்டில்பார் அகலம், ஹேண்டிலுக்கு அடியில் எத்தனை மி.மீ. வாஷர் இருக்கிறது, சீட் கம்பி நுழையும் குழாயான சீட் டியூபின் நீளம், பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேல் பரப்பு வரை உள்ள உயரம், எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். இனி எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இந்தத் தாளை வைத்துத்தான் பேச வேண்டும்.

தொல்லை: உயர அட்டவணை இரண்டு அளவுக்கு நடுவே நிறுத்துகிறது

எம்-இன் கடைசியிலும் எல்-இன் தொடக்கத்திலும் உங்கள் உயரம் விழுகிறது. இது குறை இல்லை, பல பிராண்டுகள் வேண்டுமென்றே அளவுகளை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைக்கின்றன, ஓட்டும் விதத்தைப் பொறுத்து நீங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று. ட்ரெக் சில மாடல்களில் எம்-க்கும் எல்-க்கும் நடுவே எம்/எல் என்று ஓர் அளவே வைத்திருக்கிறது. ஸ்பெஷலைஸ்ட் ஒரு படி மேலே போய், பல மாடல்களில் எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மாற்றி, சீட் டியூப்களைக் குட்டையாக்கி, உயரத்தை விட ஓட்டும் பாணியை வைத்து எடுங்கள் என்கிறது.

இங்கே முதல் வடிகட்டி கை நீளம். கைவிரிப்பு உயரத்தை விட நன்றாகவே கூடுதலாக இருந்தால், ஐந்தாறு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியது பக்கம் சாயலாம். உயரத்தை விடக் குறைவாக இருந்தால் சின்னது. கால் நீளமாகவும் உடல் குட்டையாகவும் இருப்பவர் ஒரே உயர அட்டவணையில் நின்றாலும் அவருக்கு வேண்டியது பெரும்பாலும் சின்ன ரீச்சும் உயர்ந்த ஸ்டாக்கும். சின்ன ஃப்ரேமில் ஸ்டாக் குறைவாக இருந்தால் உயரமான ஹேண்டில் போட்டுச் சமாளிக்கலாம்.

இரண்டாவது வடிகட்டி, எங்கே ஓட்டுகிறீர்கள் என்பது. நெருக்கமான மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் மெதுவான பாதை, சின்னச் சின்னத் தாவல், முன் சக்கரத்தைத் தூக்கி விளையாடுவது, இதற்கெல்லாம் சின்னது. வேகமான, கற்கள் நிறைந்த நீண்ட இறக்கத்துக்குப் பெரியது, நீளமான வண்டி நேராகப் போவதில் கெட்டி. இரண்டும் சமமாக இருக்கிறது, எதையும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் நான் இன்றைய வண்டிகளில் சின்னதையே எடுக்கச் சொல்வேன். 2010-களின் தொடக்கத்தில் மோண்ட்ரேக்கர் போன்றவர்கள் நீண்ட ஃப்ரேமையும் குட்டை ஸ்டெம்மையும் கொண்டுவந்த பிறகு எல்லாருடைய ரீச்சும் வளர்ந்துகொண்டே போயிருக்கிறது, இன்றைய எம் பல இடங்களில் பழைய எல்-ஐத் தாண்டிவிட்டது. சின்னதில் தவறினால் ஸ்டெம்மைப் பத்து மி.மீ. நீட்டிச் சமாளிக்கலாம். பெரியதில் தவறினால், ஏற்கனவே 35 அல்லது 40 மி.மீ. ஸ்டெம் போட்டு வரும் வண்டியில் இன்னும் குறைக்க இடமே இருக்காது.

தொல்லை: ஒருவருடைய எம், இன்னொருவருடைய எஸ் மாதிரி இருக்கிறது

இருக்கத்தான் செய்யும். எழுத்துக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு பிராண்டின் எம் 430 மி.மீ. ரீச்சில் இருக்கும், இன்னொன்றின் எம் 465-இல் இருக்கும். பழைய வண்டி விற்பவர்கள் 17 இஞ்ச், 19 இஞ்ச் என்று சொல்வது சீட் டியூப் நீளம். மேல் குழாயான டாப் டியூப் கிடைமட்டமாக இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று சீட் டியூபை எவ்வளவு வேண்டுமானாலும் குட்டையாக்குகிறார்கள், அந்த எண்ணை வைத்து நீளத்தை ஊகிக்கவே முடியாது. விற்பவரிடம் மாடல் பெயரும் தயாரிப்பு ஆண்டும் கேட்டு வாங்கி, அந்த ஆண்டின் அட்டவணையைத் தேடி எடுங்கள். ஆண்டு முக்கியம், ஒரே பெயரில் ஒரே எழுத்தில் இரண்டு வருடத்தில் ரீச் 20 மி.மீ. கூடியிருக்கலாம்.

சரி, ரீச்சை மட்டும் ஒப்பிட்டால் போதுமா என்றால் போதாது. ஸ்டாக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரு ஃப்ரேம் 460 ரீச், 640 ஸ்டாக். இன்னொன்று 465 ரீச், 615 ஸ்டாக். தாளில் இரண்டாவதுதான் நீளம். ஆனால் ஹேண்டில் ஒரே உயரத்தில் வர வேண்டுமானால் இரண்டாவதில் 25 மி.மீ. ஏற்ற வேண்டும். ஹெட் டியூப் பின்னால் சாய்ந்திருப்பதால் ஏற்ற ஏற்றக் கை பின்னால் வரும். 65 டிகிரி சாய்வில் 25 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 12 மி.மீ. பின்னால் வந்துவிடும். அதாவது இரண்டாவது உண்மையில் 453, முதலாவதை விடக் குட்டை. பத்து ஏற்றினால் ஐந்து போகும் என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு இடத்திலும் ஏமாறலாம். பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயிலையும் முழு சஸ்பென்ஷனையும் ஒரே எண்ணில் ஒப்பிடாதீர்கள். ஹார்ட்டெயிலில் நீங்கள் ஏறியதும் முன்னால் மட்டும்தான் அமுங்கும், வண்டி முன்பக்கம் சரியும், ரீச் பத்துப் பதினைந்து மி.மீ. கூடும். முழு சஸ்பென்ஷனில் பின்னாலும் அமுங்கும், பெரும்பாலும் முன்னை விடக் கொஞ்சம் அதிகமாகவே. எனவே தாளில் 440 உள்ள ஹார்ட்டெயிலும் 455 உள்ள முழு சஸ்பென்ஷனும் ஓட்டும்போது ஏறத்தாழ ஒரே நீளம்தான்.

தொல்லை: டாப் டியூப் நீளம் பழைய வண்டியோடு அச்சாகப் பொருந்துகிறது, ஆனாலும் புதியது பெரிதாகத் தெரிகிறது

டாப் டியூப் நீளம் என்று அட்டவணையில் போடுவது சீட்டிலிருந்து ஹெட் டியூப் வரை கிடைமட்டமாக. உட்கார்ந்த நிலைக்கு அது நல்ல எண். நிற்கும் நிலைக்கு அது எதையும் சொல்லாது, ஏனென்றால் சீட் டியூபின் சாய்வு அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்டாக் 620, சீட் கோணம் 76 டிகிரி, ரீச் 455 என்றால் டாப் டியூப் 610 வரும். அதே 620 ஸ்டாக்கில் சீட் கோணம் 73, ரீச் 420 என்றாலும் டாப் டியூப் 610-தான். உட்கார்ந்தால் இரண்டும் ஒன்று, எழுந்து நின்றால் 35 மி.மீ. வித்தியாசம், அது ஒரு அளவுக்கும் மேல். பத்து வருடப் பழைய வண்டியிலிருந்து புதியதற்கு மாறுபவர்கள் டாப் டியூபை மட்டும் பொருத்திப் பார்த்து வாங்கி, இறக்கத்தில் கை எட்டாமல் விழிப்பது இதனால்தான்.

தலைகீழாகவும் நடக்கும். பழைய ரீச்சை அப்படியே பொருத்தி, சீட் கோணம் நிமிர்ந்த புதிய ஃப்ரேம் எடுத்தால், நிற்கும்போது சுகமாக இருக்கும், உட்கார்ந்தால் ஹேண்டில் மடிமேல் வந்துவிட்ட மாதிரி நெருக்கும். எனவே பழைய வண்டியின் இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு, புதியதில் ரீச் கொஞ்சம் கூடவும், டாப் டியூப் கொஞ்சம் குறையவும் இருந்தால் பயப்படாமல் இருங்கள்.

தொல்லை: முழங்கால் வலி, இடுப்பு ஆட்டம்

ஃப்ரேமைத் தொடாதீர்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, அல்லது அதிகம் முன்னால் தள்ளியிருக்கிறது. பின்பக்கம் வலித்தால், மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடினால், சீட் அதிக உயரம். உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட் மேல் பரப்பு வரை தொடக்க உயரம் கிடைக்கும். கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது, சாலை சைக்கிளுக்கானது, மலைப்பாதையில் ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. சீட் உயரத்தைச் சரிசெய்த பிறகும் அந்த உயரத்துக்கு சீட் போஸ்ட் நீளம் போதவில்லை, குறைந்தபட்சச் செருகல் கோட்டுக்குமேல் வெளியே வருகிறது என்றால் முதலில் நீளமான போஸ்ட் கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் எட்டவில்லை என்றால்தான் ஃப்ரேம் சின்னது.

தொல்லை: உள்ளங்கை மரத்துப்போகிறது, கழுத்தும் தோளும் இறுகுகிறது

இதில் பாதி ஃப்ரேம், பாதி மற்றவை. முதலில் சீட்டின் மூக்கு கீழே பார்க்கிறதா பாருங்கள். பார்த்தால் உடம்பு வழுக்கி முன்னால் வந்து எடை முழுக்கக் கைக்குப் போகும், எந்த ஃப்ரேமிலும் கை மரக்கத்தான் செய்யும். பிரேக் லீவர் அதிகம் கீழ்நோக்கி இருந்தால் மணிக்கட்டு மடங்கும். ஹேண்டில்பார் உங்கள் தோளுக்கு மிகவும் அகலம் என்றால், ஒவ்வொரு பக்கமும் பத்து மி.மீ. அகலம் கூடும்போதும் மார்பு கொஞ்சம் முன்னால் இழுபடும். இன்று 780, 800 அகலத்தில் ஹேண்டில் போட்டு அனுப்புகிறார்கள், குறுகிய தோள்காரர் அதை ரீச் அதிகம் என்று தப்பாகப் புரிந்துகொள்வது சகஜம். கிரிப்பையும் பிரேக்கையும் உள்ளே தள்ளி 750 அகலத்தில் பிடித்து ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், வெட்ட வேண்டியதில்லை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கை மரக்கிறது என்றால், ஸ்டாக் குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஃப்ரேமில் ரீச்சைக் குறைப்பதற்கு முன் ஸ்டாக் கூடியதைத் தேடுங்கள். உட்காரும்போது மட்டும் நீட்டிப் படுக்க வேண்டியிருக்கிறது, நின்றால் சுகம் என்றால் ரீச் சரி, டாப் டியூப்தான் நீளம், அதாவது சீட் கோணம் இன்னும் நிமிர்ந்த ஃப்ரேம் வேண்டும். சீட்டை முன்னால் தள்ளியே இதைச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஒரு சென்டிமீட்டர் வரை சரி, அதற்குமேல் போனால் முழங்கால் பெடலுக்கு முன்னால் போய் வேறு வலியைக் கொண்டுவரும்.

தொல்லை: செங்குத்து இறக்கத்தில் தலைகீழாகப் போய்விடுவேன் போலிருக்கிறது

பழைய வண்டியில் இது இருந்தால் குட்டை ரீச், தாழ்ந்த ஸ்டாக், நீண்ட ஸ்டெம் இவற்றில் ஒன்று, பெரும்பாலும் மூன்றும். திரும்பும்போது முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், ஃப்ரேம் குட்டை. இதை ஸ்டெம்மை நீட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டெம் கையை மட்டும் முன்னால் தள்ளும், ஃப்ரேமின் ரீச் முன் சக்கரத்தையே முன்னால் கொண்டுபோகும். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்க உடம்பு மட்டும் முன்னால் போனால் பயம் கூடுமே தவிரக் குறையாது. இது ஒரு அளவு மேலே போக வேண்டிய இடம். ஒரே மாடலில் அடுத்தடுத்த அளவுகளுக்கு நடுவே ரீச் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. கூடும், அந்த அளவு போதும். இரண்டு அளவு தாவாதீர்கள்.

தொல்லை: வளைவில் முன் சக்கரம் வழுக்குகிறது, முன்பக்கத்தைத் தூக்கவே முடியவில்லை

இதுதான் இன்று அதிகம் கேட்கும் புகார், பெரிய ஃப்ரேம் வாங்கியவர்களிடமிருந்து. அறிகுறி இப்படி இருக்கும்: நேர்ப்பாதையில் வண்டி ராஜா மாதிரி போகும், தட்டையான வளைவு வந்தால் முன் டயர் பிடிக்காமல் வெளியே ஓடும். பயந்து பின்னால் சாய்வீர்கள், சாய்ந்தால் இன்னும் ஓடும். ஒரு கட்டையைத் தாண்ட முன்பக்கத்தைத் தூக்கலாம் என்று இழுத்தால் கை முழுக்க நீண்டுவிடும், சக்கரம் அசையாது.

காரணம், நிற்கும்போது முழங்கை மடங்க இடமில்லை. நின்ற நிலையில், முழங்கால் லேசாக மடங்கி, பார்வை முன்னே பார்க்க, முழங்கை வெளியே பார்த்து நன்றாக மடங்கியிருக்க வேண்டும். அப்படி நின்றால்தான் முன் சக்கரத்தின்மேல் எடை விழும், தேவைப்படும்போது கையை நீட்டி வண்டியை முன்னால் தள்ளவும் இடம் இருக்கும். ரீச் அதிகமானால் கை ஏற்கனவே நேராகிவிடுகிறது, எடை பின்னால் தங்கிவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள், கேமரா தெரியாத மாதிரி யாராவது எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் தெரிந்தால் எல்லாரும் அழகாக மடக்கிக்கொள்வார்கள். இறக்கத்தின் நடுவே முழங்கை நேராக இருக்கிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் உடனே ஃப்ரேமைக் குறை சொல்லிவிடவும் முடியாது. செயின்ஸ்டே என்ற பின்பக்கக் குழாய் நீளத்தைப் பாருங்கள். பல பிராண்டுகள் எஸ்-இலிருந்து எக்ஸ்எல் வரை ஒரே பின்பக்கத்தை ஒட்டி அனுப்புகின்றன. எக்ஸ்எல்-இல் முன்பக்கம் மட்டும் நீண்டுபோய்ப் பின்பக்கம் 435-இலேயே நின்றால், உயரமானவர் சரியான ரீச்சில் இருந்தாலும் முன் சக்கரத்துக்கு எடை போகாது. அவருக்குத் தேவை சின்ன ஃப்ரேம் இல்லை, அளவோடு சேர்ந்து பின்பக்கமும் வளரும் ஃப்ரேம். அட்டவணையில் செயின்ஸ்டே வரியில் எல்லா அளவுக்கும் ஒரே எண் இருக்கிறதா, மாறுகிறதா என்று பார்க்க ஒரு நொடிதான் ஆகும். குட்டையானவர்களுக்கு இதே கதை மறுபுறம்: எஸ்-இல் 445 பின்பக்கம் இருந்தால் முன்னால் தூக்குவது கஷ்டம், ஃப்ரேம் பெரிதோ என்று தோன்றும்.

ஹேண்டில் மிக உயரத்தில் இருந்தாலும் இதே வழுக்கல் வரும். இருக்கும் வண்டியில் வாஷர்களை ஸ்டெம்முக்கு மேலே மாற்றிப் பத்து மி.மீ. இறக்கிப் பார்த்துவிட்டு, அதிலும் தீராவிட்டால் அடுத்த ஃப்ரேமில் ரீச்சைக் குறையுங்கள்.

தொல்லை: ஏற்றத்தில் முன் சக்கரம் எழும்புகிறது

உட்கார்ந்து ஏறும்போது மட்டும் வருவது என்றால் சீட் கோணம்தான். உயரமானவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. அட்டவணையில் 76 டிகிரி என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட சீட் உயரத்தில் அளந்தது. பல முழு சஸ்பென்ஷன் ஃப்ரேம்களில் குழாயே பாட்டம் பிராக்கெட்டுக்கு முன்னாலிருந்து கிளம்பி 70 டிகிரி சாய்ந்து நிற்கும். அதில் போஸ்ட்டை இன்னும் 100 மி.மீ. ஏற்றினால் சீட் 34 மி.மீ. பின்னால் போகும், 76 டிகிரிக் குழாயாக இருந்தால் 24 மி.மீ.-தான் போயிருக்கும். கால் நீளமானவர் உட்காரும் இடத்தில் கோணம் 76 இருக்காது. அட்டவணையில் நிஜக் கோணம் தனியாகப் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். போடவில்லை என்றால் பக்கவாட்டுப் படத்தில் சீட் டியூப் எவ்வளவு படுத்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். இது அளவு மாற்றித் தீராது, மாடல் மாற்றித்தான் தீரும்.

தொல்லை: சீட் போதிய அளவு கீழே இறங்கவில்லை

ரீச் பார்த்து, ஸ்டாக் பார்த்து, எல்லாம் பொருந்தி, பெரிய அளவு வாங்கிய பிறகு வரும் தலைவலி இது. ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கி ஏற்ற உதவும் டிராப்பர் போஸ்ட் எவ்வளவு நீளம் போகும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். உள்கால் 76 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சீட் உயரம் 671 மி.மீ. சீட் டியூப் 430 என்றால் மீதி 241. இதற்குள் டிராப்பரின் பயணம் (அது இறங்கும் தூரம்), அதன் கழுத்தும் தலைக் கிளாம்பும் சேர்ந்து ஏறத்தாழ 40, சீட்டின் கம்பியிலிருந்து மேல் பரப்பு வரை ஏறத்தாழ 48 எல்லாம் அடங்க வேண்டும். 241-இல் 88 போனால் 153, அதாவது 150 மி.மீ. டிராப்பர் நூலிழையில் பொருந்தும். இதே ஆள் சீட் டியூப் 460 உள்ள பெரிய அளவை எடுத்தால் 123-தான் மீதி, 120 டிராப்பரோடு நிற்க வேண்டியதுதான். செங்குத்து இறக்கத்தில் அந்த 30 மி.மீ. நன்றாகவே தெரியும். கழுத்து உயரம் போஸ்ட்டுக்குப் போஸ்ட் மாறும், வாங்கப் போகும் போஸ்ட்டின் படத்தைப் பார்த்து நிஜ எண்ணைப் போடுங்கள்.

இன்னொரு தடை குழாயின் உள்ளே இருக்கிறது. சீட் டியூப் வளைந்திருந்தாலோ, பின் சஸ்பென்ஷனின் இணைப்பு போல்ட் குறுக்கே வந்தாலோ, போஸ்ட் முழுசாக உள்ளே போகாது. அதிகபட்சச் செருகல் ஆழம் என்று ஓர் எண்ணைச் சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. கொடுக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள், பழைய வண்டி என்றால் விற்பவரைப் போஸ்ட்டை உருவி ஒரு குச்சியை விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

காலை இருபுறமும் ஊன்றி நிற்கும்போது டாப் டியூப் இடிக்குமா என்பது பலருக்குப் பெரிய கவலை. உள்கால் அளவில் ஸ்டாண்டோவர் உயரத்தை, அதாவது தரையிலிருந்து டாப் டியூப் வரையுள்ள உயரத்தைக் கழித்து ஐந்து செ.மீ. இருந்தால் தாராளம். இன்றைய குழாய்கள் நன்றாகத் தாழ்ந்திருப்பதால் மற்ற எண்கள் பொருந்தும் ஃப்ரேமில் இது தவறுவது அபூர்வம்.

தொல்லை: பழைய வண்டி வாங்கினேன், அட்டவணையில் இருந்த நீளம் இல்லை

ஃபோர்க்கைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் 120 மி.மீ. பயணம் (அமுங்கும் தூரம்) உள்ள ஃபோர்க்குக்கு வடிவமைத்த ஃப்ரேமில் 140 போட்டிருக்கலாம். 20 மி.மீ. உயரமான ஃபோர்க் முன்பக்கத்தைத் தூக்கி, ஹெட் கோணத்தையும் சீட் கோணத்தையும் ஏறத்தாழ ஒரு டிகிரி படுக்கவைக்கும், ரீச்சில் பத்து மி.மீ. தின்றுவிடும். 29 இஞ்ச் ஃபோர்க்கை 27.5 ஃப்ரேமில் போட்டாலும் இதே விளைவு. விற்பவர் தரும் படத்தில் ஃபோர்க்கின் பெயரும் பயணமும் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, அந்த மாடலோடு வந்த ஃபோர்க்கோடு ஒப்பிடுங்கள். ஃப்ரேமின் உச்சவரம்பைத் தாண்டிய ஃபோர்க் என்றால் அளவு பொருந்தினாலும் விட்டுவிடுங்கள், ஹெட் டியூபின் வெல்டில் என்ன நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பெட்டி வந்த பிறகு

திருப்பி அனுப்ப வசதியுள்ள இடத்தில் வாங்கியிருந்தால், மண்ணில் ஓட்டும் முன் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷனுக்கு உங்கள் எடைக்கான காற்று அடித்து, சீட் உயரத்தைக் கணக்குப்படி வைத்து, ஒரு தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நில்லுங்கள். கையை ஹேண்டிலில் இருந்து எடுத்து, அதே குனிந்த நிலையில் கண்ணை மூடி, வசதியான இடத்தில் கையை வையுங்கள். பார்த்தால் கிரிப்புக்கு மேலேயா, பின்னாலா, முன்னாலா என்று தெரியும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் ஸ்டெம்மும் வாஷரும் பார்த்துக்கொள்ளும். நாலைந்து என்றால் மாற்றி வாங்குங்கள்.

அதுவரை ஃபோர்க்கின் மேலே ஸ்டெம் பொருந்தும் ஸ்டீரர் குழாயையும் ஹேண்டில்பாரையும் வெட்டாதீர்கள். ஸ்டெம்மை இறக்க வேண்டுமானால் வாஷரை மேலே அடுக்கி வைத்து ஓட்டுங்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். ஒரு மாதம் அதே இடத்தில் கை சுகமாக இருந்தால் அப்புறம் வெட்டலாம், அப்போதும் ஒரு பத்து மி.மீ. வாஷருக்கு இடம் விட்டு.